தங்க எழுத்தில் அண்ணன் பெயர்

நான் எழுத்துக்கு எஃபெக்ட் போடுகிறவன். சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்புக்கு எதிரே, ஒரு லாட்ஜின் மாடிப்படிக்குப் பக்கத்தில் எங்கள் ஃப்ளெக்ஸ் பேனர் கடை. உள்ளே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பது நான். கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, மெஸ் திறப்பு, மனை விற்பனை எல்லாம் அந்த ஒரே கம்ப்யூட்டரில்தான் ஆகும்.

படிப்பு ஒன்பதாவது. அதற்குமேல் போகவில்லை. முதலில் ஒரகடத்தில் ஒரு பார்ட்ஸ் கம்பெனியில் கான்ட்ராக்டில் நின்றேன். கான்ட்ராக்ட் முடிந்ததும் வரவேண்டாம் என்றார்கள். பிறகு இந்தக் கடை. கடைக்காரர் தூத்துக்குடிப் பக்கம். அவரும் கம்பெனி வேலைக்கென்று வந்தவர்தான். மெஷின் லைனில் நிற்பது ஒத்துவராமல் கடை போட்டார். எல்லோரும் அண்ணாச்சி என்போம். அவர் செய்வதைப் பார்த்தே நான் பழகினேன்.

வெறுமனே டைப் செய்த எழுத்து தட்டையாக இருக்கும். அதைப் புடைக்க வைக்கவேண்டும். ஓரம் கட்டவேண்டும். உள்ளே நிறம் ஏற்றி இறக்கவேண்டும். பின்னால் நிழல் விழவேண்டும். அப்போதுதான் காசு கொடுக்கிறவருக்குத் திருப்தி. மெனுவில் எல்லாம் இங்கிலீஷ். நான் படித்துப் பழகவில்லை, இடத்தை வைத்துப் பழகினேன். மேலே முதலாவது புடைப்பு. கடைசி நிழல். ஒருமுறை அண்ணாச்சி புது வெர்ஷன் போட்டார். எல்லாம் இடம் மாறிவிட்டது. நிழல் கேட்ட இடத்தில் ஓரம் வந்தது. கொஞ்ச நாள் மண்டை காய்ந்தது.

எங்களிடம் அதிகம் ஓடுவது தங்க எழுத்து. ஒரு ஓரம் கரும்பழுப்பு, பிறகு மஞ்சள், நடுவில் வெள்ளைக்குப் பக்கத்தில் ஒரு கோடு, மறுபடி மஞ்சள். அந்த வெள்ளைக் கோடுதான் தங்கத்தைத் தங்கமாக்கும். அதை ஒரு மயிரிழை தள்ளி வைத்தால் பித்தளை. இன்னும் கொஞ்சம் தள்ளினால் சாணி.

எங்கள் பக்கத்தில் பேனரை யாரும் சும்மா பார்த்துவிட்டுப் போகமாட்டார்கள். வண்டியை நிறுத்திப் படிப்பார்கள். யார் படம் மேலே, யார் படம் கீழே. யார் பெயருக்குத் தங்கம், யார் பெயருக்கு வெறும் வெள்ளை. நிலம் விற்ற வீட்டுக்காரர்களுக்குத் தங்கமும் போதாது, எழுத்து மூலையில் மின்னும் நட்சத்திரம் வேண்டும். ஒரு வீட்டு விசேஷத்தில் சித்தப்பா பெயருக்கு மட்டும் நிழல் விட்டுப்போனது. அவர் பந்தியில் உட்காராமலே போய்விட்டார். அது வேறு கடையில் போட்ட பேனர். அதைச் சொல்லிச் சொல்லி நாங்கள் சிரிப்போம். என் வீட்டுக்கு வரும்வரை சிரிப்பாகத்தான் இருந்தது.

எனக்கு ஒரு அண்ணன், ஒரு தங்கச்சி. சொந்த ஊர் பிள்ளைப்பாக்கம். எங்கள் நிலம் ஒரு கம்பெனிக்குப் போனபோது வீட்டுக்கு ஒருவருக்கு வேலை என்று பேச்சு வந்தது. அப்பா, அண்ணன் பெயரைக் கொடுத்தார். அவர் பர்மனன்ட் ஆனார். மூத்தவர், அது சரிதான், நான் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு எனக்குக் கான்ட்ராக்ட் போய் வீட்டில் இருந்த நாளில், டீக்கடையில் நாலு பேர் முன்னால் அண்ணன் ஒன்று சொன்னார்.

"ஒழுங்கா வேலை செஞ்சா ஏன்டா தூக்கறான்?"

நான் கிளாஸை வைத்துவிட்டு வந்தேன். அத்துடன் பேச்சு நின்றது. ஒரே தெரு. அவர் வண்டிச் சத்தம் எனக்குத் தெரியும். என் வண்டிச் சத்தம் அவருக்குத் தெரியும். அப்பா செத்தபோதும் ஆளுக்கொரு ஓரத்தில் நின்றோம். வருஷம் போய்க்கொண்டே இருந்தது.

தங்கச்சியைப் படப்பைப் பக்கம் கொடுத்திருந்தோம். அவள் பெண்ணுக்குக் காதுகுத்து வைத்தார்கள். எங்களில் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவார்கள். மாமன் இரண்டு பேர் இருந்தால் மூத்தவர் மடி. மூத்தவர் உயிரோடு இருந்து வராமல் போனால், அந்தப் பேச்சு பெண்ணைப் பெற்றவளைத்தான் சுற்றும்.

தங்கச்சி வெற்றிலைத் தட்டோடு அண்ணன் வீட்டுக்குப் போய் அழைத்தாள். அவர் தட்டை வாங்கிக்கொண்டாராம். வருகிறேன் என்று சொல்லவில்லையாம். அங்கிருந்து நேரே கடைக்கு வந்தாள். வெயிலில் முகம் கறுத்திருந்தது. அண்ணாச்சி ஃபேனை அவள் பக்கம் திருப்பினார்.

அண்ணன் சொன்னதை அப்படியே சொன்னாள். "பேனர் அவன்தான போடறான்? என் பேர எப்டி போடறான்னு பார்த்துட்டுச் சொல்றேன்."

நான் மவுஸைப் பிடித்தபடி இருந்தேன். அவளே பேசினாள்.

"எங்க மாமியார் குத்திக் காட்டிக்கினே கீது சின்னண்ணா. 'உனக்கு அண்ணன் ரெண்டு பேருன்னாங்க, எந்த விசேஷத்துலயும் ரெண்டா பாக்கலியே'ன்னு. ரெண்டு பேரும் சமமா இருக்கற மாதிரி போடு. பெருசு சிறுசு வேணாம். எனக்கு அவரு வரணும்."

சமமாகப் போடுவது ஒரு வேலையா என்று நினைத்தேன். அன்று மாலையே ஆரம்பித்தேன்.

மேலே அம்மன் படம். நடுவில் குழந்தை, பட்டுப்பாவாடையில். கீழே 'தாய்மாமன்கள்' என்று தலைப்பு. இடப்பக்கம் அண்ணன் படம், வலப்பக்கம் என் படம். இரண்டு பெயருக்கும் ஒரே எழுத்து, ஒரே உயரம், ஒரே தங்கம். படமாக்கித் தங்கச்சி போனுக்கு அனுப்பினேன். அவள் அண்ணன் போனுக்கு அனுப்பினாள். என் நம்பர் அவரிடம் இருந்தது, அவர் நம்பர் என்னிடம் இருந்தது. ஆனாலும் வழி அதுதான்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் பதில் வந்தது. என் பெயர் நீளமாகப் போகிறதாம். அவர் பெயர் புள்ளி வைத்த மாதிரி இருக்கிறதாம்.

அது உண்மை. அவருக்குச் சின்னப் பெயர். எனக்குத் தாத்தா பெயர், நீளம். ஒரே உயரத்தில் வைத்தால் என்னுடையது ரோடு மாதிரி போகிறது. மறுநாள் நீளத்தைச் சமமாக்கினேன். இப்போது அவர் எழுத்து ஆள் உயரத்துக்கு நின்றது, என்னுடையது எறும்பு ஊர்வது போல இருந்தது. எனக்கு அது பரவாயில்லை. அனுப்பினேன். இந்தத் தடவை தங்கச்சி வீட்டிலிருந்து வந்தது. சின்ன மாமனுக்கு என்ன குறை, ஏதாவது மனக்கசப்பா என்று அவள் மாமியார் கேட்டாளாம்.

அண்ணன் பெயருக்கு முன்னால் திரு. போட்டேன். இனிஷியல் போட்டேன். என் பெயரிலிருந்து இனிஷியலை எடுத்தேன். ஒரு மாதிரி சமமாக வந்தது. தங்கச்சி போனில் சந்தோஷப்பட்டாள். நானும் முடிந்தது என்று அடுத்த வேலையை எடுத்தேன்.

முடியவில்லை.

"பெரியண்ணன் இன்னா சொல்றாருன்னா, தங்கம் மாதிரி இல்லியாம். மஞ்சா அரைச்சிப் பூசின மாதிரி கீதாம்."

எத்தனையோ பேருக்குப் போட்ட தங்கம் அது. யாரும் குறை சொன்னதில்லை. என் திரையில் பார்த்தேன், தங்கமாகத்தான் இருந்தது. அண்ணாச்சியைக் கூப்பிட்டுக் காட்டினேன். நல்லாத்தானடே இருக்கு என்று போய்விட்டார். சரி, மஞ்சளைக் கொஞ்சம் இறக்கினேன். அனுப்பினேன். இன்னும் மஞ்சள்தான் என்று வந்தது. இன்னும் இறக்கினேன். இன்னும் மஞ்சள். வேண்டுமென்றே செய்கிறேனா என்று கேட்டாராம்.

அதைக் கேட்டபோது பல்லைக் கடித்தேன். ஒரு நிறத்தை மாற்றினால் போதாது. ஓரத்து நிறம் மாறவேண்டும், புடைப்பின் வெளிச்சம் மாறவேண்டும், பின்னால் இருக்கும் சிவப்போடு ஒத்துப்போகவேண்டும். அவர் பெயருக்குச் செய்வதையெல்லாம் என் பெயருக்கும் செய்யவேண்டும். சமம் என்று சொல்லியிருக்கிறாள். எங்கள் கம்ப்யூட்டர் கிழடு. பேனர் சைசில் திறந்துவைத்து ஒரு நிழலைத் தொட்டால் வட்டம் சுற்ற ஆரம்பிக்கும். எழுந்துபோய் டீ குடித்துவிட்டு வந்தாலும் சுற்றிக்கொண்டிருக்கும். சிலசமயம் அப்படியே மூடிக்கொள்ளும். செய்தது போச்சு. மறுபடி முதலிலிருந்து.

அப்புறம் நெருப்பு எழுத்து வேண்டும் என்று வந்தது. கம்பெனி பஸ்ஸில் போகும்போது எங்கேயோ ஒரு பேனரில் பார்த்தாராம். எழுத்து பற்றி எரிவதுபோல இருந்ததாம். நெருப்பு எழுத்துக்கு எஃபெக்ட் மட்டும் போதாது. எழுத்தின் தலையைக் கையால் இழுத்து இழுத்துத் தீநாக்கு ஆக்கவேண்டும். ஒவ்வொரு எழுத்துக்கும். சுழி, கொக்கி, கொம்பு எல்லாவற்றுக்கும். இரண்டு பெயருக்கும் இழுத்து முடித்தபோது மணிக்கட்டு வீங்கினாற்போல இருந்தது. அனுப்பினேன். குழந்தை விசேஷத்தில் நெருப்பு எரிகிறது என்று தங்கச்சியின் மாமியார் தலையில் அடித்துக்கொண்டாளாம். மறுபடி தங்கம்.

"இன்னா சொல்றாரு, வராரா?" என்று ஒரு தடவை தங்கச்சியிடம் கேட்டேன்.

"பேனர் முடியட்டும்னுதான் சொல்றாரு."

அவள் குரல் அழுகிற குரல். நாள் கிட்டே வந்துவிட்டது. பிரிண்ட் நாங்கள் போடுவதில்லை, ஸ்ரீபெரும்புதூருக்கு அனுப்பவேண்டும். அங்கே வரிசை இருக்கும். இதையெல்லாம் அவளிடம் சொல்லவில்லை. தங்கத்தை இன்னும் இறக்கி அனுப்பினேன். இப்போது என் திரையில் அது தங்கமே இல்லை. வெளிறிப்போய், திருநீறு பூசிய மாதிரி இருந்தது. இதற்கும் மஞ்சள் என்றால் கண்ணைத்தான் மாற்றவேண்டும் என்று நினைத்தேன்.

மஞ்சள் என்றே வந்தது. கூடவே இன்னொன்றும் வந்தது. நேரிலேயே வருகிறாராம்.

மறுநாள் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்கள் ஸ்டாப்பில் நின்ற நேரம். அண்ணன் இறங்கி ரோட்டைத் தாண்டி வந்தார். யூனிஃபார்ம் சட்டை, பாக்கெட்டில் அடையாள அட்டை, கையில் சாப்பாட்டுப் பை. கடைக்குள் வந்து நாற்காலியை இழுத்து என் முதுகுக்குப் பின்னால் போட்டு உட்கார்ந்தார். நான் திரும்பவில்லை.

"அண்ணாச்சி, உங்க டிசைனருக்குக் கலர் தெரியாதா?"

"அவன் இங்கனதான இருக்கான், நீங்களே கேளுங்க."

"நான் உங்களத்தான் கேக்கறேன்."

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் ஃபைலைத் திறந்தேன். வட்டம் சுற்றியது. வெளியே ஷேர் ஆட்டோக்காரன் படப்பை படப்பை என்று கத்திக்கொண்டிருந்தான். பேனர் திறந்தது.

"இன்னா இது, வெள்ளையா கீது?" என்றார் அண்ணன். "சாம்பல் கொட்டின மாதிரி."

எனக்குக் காது சூடாகிவிட்டது. வாயைத் திறந்தால் டீக்கடைப் பேச்சிலிருந்து எல்லாம் வந்துவிடும். திறக்கவில்லை.

"நீங்கதான மஞ்சளக் கொறைக்கச் சொன்னீக?" என்றார் அண்ணாச்சி.

"மஞ்சளா இருந்துச்சி, சொன்னேன். இதோ பாருங்க." அண்ணன் போனை எடுத்துத் திரைக்குப் பக்கத்தில் பிடித்தார். அதே படம். போனில் மஞ்சள். திரையில் சாம்பல். அண்ணாச்சி இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். போனை வாங்கினார். மேலிருந்து விரலால் இழுத்து எதையோ ஒன்றைத் தொட்டார். போன் பளிச்சென்று வெளுத்தது. படமும் திரையில் இருக்கிற மாதிரியே சாம்பலானது.

நைட் ஷிஃப்டில் கண் கூசாமல் இருக்க ஒரு செட்டிங் இருக்கிறது. திரையெல்லாம் மஞ்சளாகிவிடும். லைனில் யாரோ ஒருத்தன் போட்டுக்கொடுத்திருக்கிறான். அது இருப்பதே அண்ணனுக்குத் தெரியாது. ஷிஃப்ட் மாறியும் அது மாறவில்லை. எத்தனை நாளாகவோ அதில்தான் எல்லாம் பார்த்திருக்கிறார்.

அண்ணாச்சி கவுண்டரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அப்ப வீடியோ கால்ல உங்க வீட்டம்மா தெனமும் மஞ்சக் குளிச்சாப்புலல்லா தெரிஞ்சிருப்பாக."

அண்ணன் சிரிக்கவில்லை. போனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் சிரிக்கவில்லை. இறக்கி இறக்கிப் போட்ட மஞ்சள் எல்லாம் கண் முன்னால் வந்தது. நெருப்பு வேறு.

முதலில் போட்ட தங்கத்தை எடுக்கலாம் என்று போனேன். அது இல்லை. கம்ப்யூட்டரில் இடம் கிடையாது என்பதால் ஒரு பேனருக்கு ஒரு ஃபைல்தான் வைப்போம். மாற்ற மாற்ற அதன் மேலேயே சேவ் செய்வோம், பிரிண்ட் போனதும் அழித்துவிடுவோம். எங்கள் கடை வழக்கம் அது. முதல் தங்கத்தின் மேல் இரண்டாவது, இரண்டாவதின் மேல் மூன்றாவது. கடைசியில் மிஞ்சியது இந்தச் சாம்பல். மேசையை ஒரு குத்து குத்தினேன். மவுஸ் துள்ளி விழுந்தது.

அண்ணன் குனிந்து எடுத்து மேசையில் வைத்தார்.

மறுபடி ஆரம்பித்தேன். பழுப்பு, மஞ்சள், வெள்ளைக் கோடு, மஞ்சள். அண்ணாச்சி டீ வாங்கி வந்தார். அண்ணன் போகவில்லை. சாப்பாட்டுப் பையை மடியில் வைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். நான் வேலை செய்வதை அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை. எழுத்து புடைத்து வரும்போது நாற்காலியை முன்னால் இழுக்கும் சத்தம் கேட்டது. வட்டம் சுற்றும்போது உச்சுக்கொட்டினார்.

தங்கம் வந்தது. அவர் பெயர் நன்றாக வந்தது. அப்போதும் விடவில்லை.

"அண்ணாச்சி, என் பேருக்கு வெளிச்சம் இந்தப் பக்கத்துலேர்ந்து வந்தா நல்லாருக்கும். போட்டோல என் மூஞ்சி அங்கதான பார்க்குது. மாத்தச் சொல்லுங்க."

அது நியாயம்தான். மாற்றினேன். ஒரு வட்டம் இருக்கும், அதில் புள்ளியை இடமிருந்து வலம் நகர்த்தவேண்டும். நகர்த்தினேன். திரும்பியது அவர் பெயர் மட்டும் இல்லை. என் பெயர், குழந்தை பெயர், தலைப்பு எல்லாம் சேர்ந்து திரும்பியது. எல்லா நிழலும் அடுத்த பக்கம் போய் விழுந்தது.

"என் பேர மட்டும்தான சொன்னேன்?"

அதற்கு ஒரு டிக் இருக்கிறது. டிக் இருந்தால் எல்லாவற்றுக்கும் ஒரே வெளிச்சம். எடுத்துவிட்டால் தனித்தனி. எடுத்தேன். அவர் பெயர் வலப்பக்கம் பளபளத்தது. என் பெயரைப் பழையபடி இடப்பக்கம் திருப்பினேன். சமமாகத்தான் இருந்தது. ஆனால் பார்க்க என்னவோ போல இருந்தது. நான் சொல்லவில்லை. கேட்டதைப் போட்டாகிவிட்டது.

அண்ணன் வெகுநேரம் பார்த்தார். நாற்காலி என் பக்கத்தில் வந்திருந்தது. கையை நீட்டித் திரையில் இரண்டு பெயரையும் தொட்டார். கண்ணாடியில் கிரீஸ் விரல் பதிந்தது.

"ரெண்டும் ரெண்டு பக்கம் பாத்துகினு கீது. ஊரு சிரிக்கும்டா. ஒரே மாதிரி போட்ரு."

அண்ணாச்சி அந்தப் பக்கம் ஒரு பேனர் ஓரத்தில் கயிறு கோக்கும் ஐலெட் வளையம் அடித்துக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்துச் சொல்லவில்லை. என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

நான் டிக்கைத் திரும்பப் போட்டேன். சேவ் செய்தேன். அவர் எழுந்து பையை எடுத்தார்.

"எந்தப் பக்கத்துலேர்ந்து?" என்று கேட்டேன்.

"முன்ன இருந்த மாதிரியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு ரோட்டைத் தாண்டிப் போனார். விசேஷத்துக்கு வருகிறேன் என்று அப்போதும் சொல்லவில்லை. தங்கச்சி போன் செய்து என்ன சொன்னார் என்று கேட்டாள். வெளிச்சத்தைப் பற்றிச் சொன்னார் என்றேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

பிரிண்ட் விசேஷத்துக்கு முந்தின நாள் வந்தது. பிரித்துப் பார்த்தால் தங்கம் கறுத்திருந்தது. மெஷினில் என்ன இங்க் போட்டானோ. திரையில் இருந்த வெள்ளைக் கோடு ஃப்ளெக்ஸில் எங்கேயோ அமுங்கிவிட்டது. வெல்லப்பாகு காய்ச்சி ஊற்றிய நிறம். திரும்ப அடிக்க நேரமில்லை. இத்தனைக்கும் பிறகு இது. அண்ணாச்சி தள்ளி நின்று பார்த்து, தூரத்துலேருந்து தங்கமாத்தான் தெரியுது என்றார். அவர் சொன்னது பொய் என்று இரண்டு பேருக்கும் தெரியும். சுருட்டி வண்டியில் வைத்துக்கொண்டு போனேன்.

படப்பைக்கு உள்ளே அவர்கள் ஊர்க் கோயில் முனையில் சவுக்குக் கட்டை நட்டு, பிரேமோடு கட்டினோம். காலை வெயில் நேரே அதில் விழுந்தது. வந்தவர்கள் வழக்கம்போல நின்று படித்தார்கள். நான் பந்தலுக்குள் போகாமல் அங்கேயே நின்றேன். தங்கச்சி ஒரு கையில் மாலையோடு வாசலுக்கும் பந்தலுக்கும் நடந்துகொண்டிருந்தாள். அவள் மாமியார் ஆசாரி வந்துவிட்டார், நேரம் போகிறது, இருக்கிற மாமன் உட்காரட்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். தங்கச்சி என்னைப் பார்த்தாள். நான் அசையவில்லை. இன்னும் கொஞ்சம் போகட்டும் என்று கை காட்டினேன்.

அண்ணன் வண்டிச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கத் தேவையில்லை.

பின்னால் அண்ணி, கையில் சீர்த்தட்டு. அண்ணன் வண்டியை நிறுத்திவிட்டுப் பேனர் முன்னால் வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். முதலில் அவர் பெயர். பிறகு என் பெயர். பிறகு நிழலைப் பார்த்தார் என்று நினைக்கிறேன். தங்கச்சி பந்தலுக்குள்ளிருந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அண்ணன் கிட்டே போய் ஃப்ளெக்ஸை விரலால் சுரண்டினார். இங்க் ஒட்டுகிறதா என்று விரலைப் பார்த்தார்.

நேரே பந்தலுக்குள் போய் மணையில் உட்கார்ந்து மடியைத் தட்டினார். தங்கச்சி ஓடிப்போய்க் குழந்தையை வைத்தாள்.

முதல் காது ஆயிற்று. குழந்தை கத்தியது. இரண்டாவது காதுக்கு ஆசாரி குனிந்ததும் துள்ள ஆரம்பித்தது. அண்ணன் தலையைப் பிடித்தால் கை நழுவுகிறது, கையைப் பிடித்தால் கால் ஆசாரியின் முகத்தில் உதைக்கிறது. வேட்டியெல்லாம் சந்தனம். அண்ணன் சுற்றிலும் பார்த்தார்.

"இன்னாடா நின்னுகினு கீற. வந்து கால புடி."

போய் உட்கார்ந்து இரண்டு காலையும் பிடித்தேன். கம்பி ஏறியது. குழந்தை என் கையில் உதைத்த உதையில் அன்று முழுக்க விரல் வலித்தது. தங்கச்சி அழுதாள். குழந்தைக்காக என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

சாப்பிட்டுக் கை கழுவும்போது அண்ணன் என் பக்கத்தில் வந்து நின்றார். தண்ணீரைக் கொப்பளித்துத் துப்பினார்.

"வெல்லம் மாதிரி வந்துகீது. இனிமே அந்த ஆள்கிட்ட பிரிண்ட் போடாத" என்றார்.

அவ்வளவுதான். டீக்கடைப் பேச்சை அவர் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. அது அங்கேயேதான் இருக்கிறது. சிலநாள் அவர் வண்டி என் வீட்டைத் தாண்டும்போது காதில் அதே சூடு வரும். ஒரு பேனரால் போய்விடுகிற சூடு இல்லை.

ஆனால் இப்போது எனக்கே அனுப்புகிறார். கம்பெனி பஸ் ஜன்னலிலிருந்து எடுத்த படங்கள். பாதியில் கம்பி, பாதியில் முன்சீட்டுக்காரன் தலை, மூலையில் ஏதோ ஒரு பேனர் ஆடிக்கொண்டு போகும். இந்த மாதிரி எழுத்து வருமா என்று கேட்பார். பெரிதாக்கிப் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. வரும் என்று எழுதுவேன்.

போன வாரம் அவர் செக்ஷன் ஆயுத பூஜைக்குப் பேனர் கேட்டார். எல்லா ஆள் பெயரும் போடவேண்டுமாம். யாருக்கும் பெருசு சிறுசு கூடாதாம். போட்டு அனுப்பினேன். ஓரம் மெல்லிசு என்றார். தடிமன் ஆக்கினேன். சூப்பர்வைசர் பெயருக்கு மட்டும் நட்சத்திரம் என்றார். வைத்தேன். எடு, மற்றவர்கள் கேட்கிறார்கள் என்றார். எடுத்தேன். நேற்று மறுபடி வந்தது. தங்கம் மஞ்சளடிக்குதாம்.

டைப் செய்தேன். "போன்ல அந்த மஞ்சா செட்டிங்க எடுத்தியாண்ணா?"

அண்ணனுக்கு நைட் ஷிஃப்ட் போலிருக்கிறது. காலையில் கடையைத் திறக்கும்போதுதான் பதில் வந்தது.

"இப்பதான் எடுத்தேன். நல்லாத்தான் கீது. எழுத்து மட்டும் இன்னும் கொஞ்சம் பெருசா வை."

கம்ப்யூட்டரைப் போட்டேன். ஃபைலைத் திறந்தேன். வட்டம் சுற்றிக்கொண்டிருக்கிறது.